பனிமேல் ஓடும் வண்டிகளுக்கான ஓட்டுநர் பயிற்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்னோமொபைல், ஸ்னோகேட் போன்ற வண்டிகளை ஓட்டக் கற்றுக்கொள்ளப் போகிறவர்களும், பனிப் பகுதிகளுக்கு ஆட்களை வேலைக்கு அனுப்புகிற மேலாளர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. வண்டியைக் கிளப்பி நேராக ஓட்டுவது சீக்கிரமே வந்துவிடும். எங்கே நிறுத்துவது, எங்கே போகவே கூடாது என்பதுதான் பாடத்தின் பெரும்பகுதி. கீழே உள்ள பதில்களும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும்.

எந்தெந்த வண்டிகள் இந்தப் பயிற்சியில் வரும்?

பொதுவாக இரண்டு வகை. ஒன்று ஸ்னோமொபைல்: முன்னால் ஸ்கீ எனப்படும் இரண்டு சறுக்குப் பலகைகள், பின்னால் டிராக் எனப்படும், சுழன்று வண்டியைத் தள்ளும் ஒரு ரப்பர் பட்டை, இருக்கையில் ஏறி உட்கார்ந்து ஹேண்டில்பாரைப் பிடித்து ஓட்டுவது. இன்னொன்று ஸ்னோகேட்: மூடிய கேபின், அகலமான டிராக்குகள், பல டன் எடை. பனிச்சறுக்குத் தளங்களில் இரவு முழுக்கப் பனியைச் சமன்படுத்துவது, துருவ ஆய்வு நிலையங்களில் ஆளையும் சரக்கையும் ஏற்றிச் செல்வது இதன் வேலை. ஸ்வீடனின் ஹேக்லண்ட்ஸ் வண்டி போல இரண்டு பெட்டிகளை நடுவில் மூட்டுப் போட்டு இணைத்தவையும் இதில் சேர்த்தி.

கனடாவின் கியூபெக் மாகாணத்தைச் சேர்ந்த ஜோசப்-அர்மாண்ட் பொம்பார்டியே 1930களிலிருந்து செய்த வண்டிகள், சாலை மூடிய பனிக்காலத்தில் டாக்டரும் தபாலும் பள்ளிப் பிள்ளைகளும் போய்வர உதவிய பல பேர் வண்டிகள். 1959இல் அவருடைய நிறுவனம் ஸ்கீ-டூவைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகுதான் தனியாள் ஓட்டும் சின்ன வண்டி பரவலாகி, வேலைக்கு மட்டுமல்லாமல் பொழுதுபோக்குக்கும் ஆனது.

கார், பைக் எல்லாம் நன்றாக ஓட்டுவேன். எனக்குமா பயிற்சி?

உங்களுக்குத்தான் அவசியம். பழகிய கை பழகியதையே செய்யும். இங்கே அது தப்பாகப் போகும்.

ஸ்னோமொபைலில் வேகம் கொடுக்கும் த்ராட்டில் வலது கட்டைவிரலால் அழுத்தும் ஒரு சிறு நெம்புகோல். மரமோ பள்ளமோ திடீரென்று எதிரே வந்தால் மனிதன் கைப்பிடியை இறுக்கிப் பிடிப்பான். இறுக்கும்போது கட்டைவிரலும் சேர்ந்து அழுத்துகிறது, நிற்க வேண்டிய வண்டி பாய்கிறது. கட்டைவிரலை மட்டும் தனியாக எடுக்கப் பழகுவது கேட்பதற்கு அற்பமாக இருக்கும். ஆனால் பயம் வந்த கணத்தில் அது தானாக நடக்க வேண்டும் என்றால் நூறு முறையாவது செய்து பார்த்திருக்க வேண்டும்.

பிரேக்கும் வேறு மாதிரி. அது பின்னாலிருக்கும் டிராக்கை மட்டும்தான் நிறுத்துகிறது. முன்னால் இருக்கும் ஸ்கீக்களுக்குப் பிரேக் கிடையாது. திருப்பத்தில் பிரேக்கை ஒரேயடியாக அழுத்தினால் டிராக் பூட்டிக்கொண்டு வண்டியின் பின்பகுதி வெளியே வீசும். ஸ்கீக்கள் பனியைக் கடித்தால்தான் வண்டி திரும்பும். வெறும் பனிக்கட்டி மேல் அவை கடிப்பது குறைவு, ஹேண்டில்பாரைத் திருப்பியும் வண்டி நேராகவே போகும்.

எல்லாவற்றுக்கும் மேல், சாலை நேற்றிருந்தது போல இன்றும் இருக்கும். பனி அப்படி இல்லை. காலையில் கல் மாதிரி கெட்டியாக இருந்த பாதை மதிய வெயிலில் குழைந்து, மாலையில் பள்ளமும் மேடுமாக உறைந்து கிடக்கும். 200 முதல் 300 கிலோ எடையுள்ள, சில மாடல்களில் மணிக்கு 150 கிலோமீட்டரைத் தாண்டக்கூடிய ஒரு வண்டியை அந்தத் தரையில் ஓட்டப்போகிறோம் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டப்படி இது கட்டாயமா?

ஓட்டும் இடத்தைப் பொறுத்தது. நார்வேயில் ஸ்னோமொபைலுக்கென்றே ஓட்டுநர் உரிமத்தில் எஸ் என்ற தனி வகுப்பு உண்டு. ஸ்வீடனில் தனி ஓட்டுநர் சான்று வேண்டும். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறுகிறது: மினசோட்டாவில் 1976 டிசம்பர் 31க்குப் பிறகு பிறந்தவர்களும், விஸ்கான்சினில் 1985 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த, 12 வயது நிரம்பியவர்களும் பாதுகாப்புப் பயிற்சிச் சான்று வைத்திருக்க வேண்டும். இந்தப் பிறந்த தேதிக் கணக்கினால், எந்தப் பயிற்சியும் எடுக்காத மூத்தவர்கள் சட்டப்படியே ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். சட்டம் விட்டுவிட்டது என்பதற்காக அவர்களுக்குப் பயிற்சி வேண்டாம் என்று அர்த்தமில்லை.

வேலைக்காக ஓட்டுபவர்களின் கதை வேறு. பொழுதுபோக்குச் சான்று வைத்திருப்பவரை அப்படியே மீட்புப் பணிக்கோ ஆய்வுப் பயணத்துக்கோ அனுப்புவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வேலைக்கான வண்டி, வேலை நடக்கும் நிலம், இழுக்கப்போகும் பாரம் ஆகிய மூன்றிலும் தனியாகப் பழக்க வேண்டும்.

முதல் நாள் என்ன சொல்லித் தருவார்கள்?

நல்ல பயிற்றுநராக இருந்தால் முதல் ஒரு மணி நேரம் இன்ஜினே ஓடாது. சிலருக்கு இது சலிப்பாக இருக்கும், பரவாயில்லை.

முதலில் த்ராட்டில். இன்ஜினைக் கிளப்பும் முன் நெம்புகோலை அழுத்தி விட்டுப் பார்க்க வேண்டும். உடனே துள்ளித் திரும்புகிறதா? இரவெல்லாம் வெளியே நின்ற வண்டியில் ஈரம் உறைந்து கேபிள் பிடித்துக்கொள்ளும். பாதி அழுத்திய நிலையிலேயே அது நின்றுபோயிருந்தால், கிளப்பிய நொடியில் வண்டி ஆளில்லாமல் ஓடிவிடும். அப்புறம் பிரேக், ஹேண்டில்பார் இரண்டு பக்கமும் முழுதாகத் திரும்புகிறதா என்பது, விளக்குகள், எரிபொருள், டிராக்கின் இறுக்கம், ஸ்கீக்களுக்கு அடியில் உள்ள உலோகப் பட்டைகளின் தேய்மானம், மாற்று டிரைவ் பெல்ட். ஸ்கீக்களும் டிராக்கும் தரையோடு உறைந்து ஒட்டியிருக்கும். அவற்றை முதலில் விடுவிக்காமல் கிளப்பி முறுக்கினால் பெல்ட் கருகும்.

அதற்கடுத்து இன்ஜினை நிறுத்தும் வழிகள். சாவி ஒன்று, கட்டைவிரலுக்கு எட்டும் கில் சுவிட்ச் இன்னொன்று. மூன்றாவது, பல வண்டிகளில் இருக்கும் டெதர் கயிறு: ஒரு முனை வண்டியில், மறுமுனை ஓட்டுபவரின் உடையில். ஆள் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு இன்ஜின் நிற்கும். அதை மாட்டாமல் ஹேண்டில்பாரில் சுற்றி வைத்திருப்பவரைப் பார்த்தால் பயிற்சியை அங்கேயே நிறுத்துவது நல்ல பழக்கம்.

ஒரு விஷயம் தனியாக அழுத்திச் சொல்லப்படும். பின்பகுதியைத் தூக்கி வைத்து டிராக்கைச் சுழலவிடும்போது யாரும் வண்டிக்குப் பின்னால் நிற்கக் கூடாது. டிராக்கில் பதித்த ஆணியோ, இடுக்கில் மாட்டிய கல்லோ, பனிக்கட்டித் துண்டோ தெறித்தால் அதன் வேகம் சாதாரணமாக இருக்காது.

ஓட்டும் பயிற்சி எந்த வரிசையில் போகும்?

சமதளம், நிறுத்துதல், திருப்பம், ஏற்றம், இறக்கம், கடைசியில் சரிவின் குறுக்கே ஓட்டுவது.

நிறுத்துவதை ஓட்டுவதற்கு முன் சொல்லித் தருவது சரியான முறை. மெல்லக் கிளம்பி, குறித்த கோட்டில் நிற்க வேண்டும். வேகத்தைக் கூட்டிக் கூட்டி இதையே செய்யும்போது, நிற்கும் தூரம் வேகத்தைவிட வேகமாகக் கூடுவதை ஆள் உடம்பாலேயே உணர்ந்துவிடுகிறார்.

திருப்பத்தில் உட்பக்கம் உடம்பைச் சாய்க்க வேண்டும். ஏற்றத்தில் எடையை முன்னால் கொண்டுவர வேண்டும். ஏறும்போது வண்டி திணறினால், முழுதாக நின்று புதையும் வரை முறுக்கிக்கொண்டே இருக்காமல், கொஞ்சம் வேகம் கையில் இருக்கும்போதே திருப்பிக் கீழே இறங்கிவிட வேண்டும். இறக்கத்தில் த்ராட்டிலை விட்டுவிட்டு, எடையைப் பின்னால் வைத்து, பிரேக்கை விட்டு விட்டுத் தொட வேண்டும்.

சரிவின் குறுக்கே போவதுதான் உண்மையான சோதனை. மேட்டுப் பக்கம் எடையை வைக்க வேண்டும்; ஒரு முழங்காலை இருக்கையில் ஊன்றியோ, மேட்டுப் பக்கப் படியில் நின்றோ ஓட்டுவார்கள். புதியவர்கள் பயத்தில் பள்ளத்தைப் பார்ப்பார்கள், உடம்பும் அந்தப் பக்கம் சாயும், வண்டி உருளும். உருளப் போகிறது என்று தெரிந்தால் மேட்டுப் பக்கமாகக் குதித்து வண்டியைப் போக விடுங்கள். அதைப் பிடித்து நிறுத்தும் பலம் யாருக்கும் கிடையாது.

கை சைகைகள் எல்லாம் ஏன் இடது கையால்?

வலது கட்டைவிரல் த்ராட்டிலில் இருக்கிறது, அதனால். இடது கையை நேராக மேலே தூக்கினால் நிற்கப்போகிறேன். பக்கவாட்டில் நீட்டினால் இடப்பக்கம் திரும்புகிறேன். முழங்கையை மடித்து முன்கையை மேலே நிறுத்தினால் வலப்பக்கம். எனக்குப் பின்னால் இன்னும் வண்டிகள் வருகின்றன என்பதைக் கட்டைவிரலைத் தோளுக்குப் பின்னால் காட்டிச் சொல்வார்கள். முன்கையைத் தூக்கி முஷ்டியை மூடிக் காட்டினால் நான்தான் கடைசி. எதிரே வருபவர்களுக்கு இந்தக் கடைசிச் சைகை உயிர்காக்கும் செய்தி. குறுகிய வளைவில் இன்னும் எத்தனை வண்டி வரும் என்று தெரியாமல் நடுப்பாதைக்கு வந்துவிடக் கூடாது அல்லவா?

இரவில் எவ்வளவு வேகம் போகலாம்?

உங்கள் விளக்கு எட்டும் தூரத்துக்குள் நிற்க முடிகிற வேகம். வகுப்பில் இதைக் கணக்காகவே போட்டுக் காட்டலாம். விளக்கு 60 மீட்டர் காட்டுகிறது, ஆள் சுதாரிக்க ஒன்றரை நொடி ஆகிறது, கெட்டிப்பட்ட பனியில் பிரேக் பிடித்தால் ஒவ்வொரு நொடிக்கும் வேகம் நொடிக்கு 3 மீட்டர் என்ற அளவில் குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 50 கிலோமீட்டரில் போனால் நிற்க ஏறத்தாழ 53 மீட்டர் தேவை, தப்பித்தீர்கள். 65இல் 80 மீட்டர் தாண்டிவிடும். 80இல் ஏறத்தாழ 115 மீட்டர். அதாவது விளக்கு வெளிச்சத்தில் வேலிக் கம்பியைப் பார்க்கும்போதே மோதுவது உறுதியாகிவிட்டது. பனி இளகியிருந்தாலோ, கீழே பனிக்கட்டி இருந்தாலோ கணக்கு இன்னும் மோசம்.

பகலிலும் ஒரு குருட்டு நேரம் உண்டு. மேகம் மூடி நிழலே விழாத வெளிச்சத்தில் பள்ளமும் மேடும் ஒரே வெள்ளையாகத் தெரியும். மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறக் கண்ணாடி கொஞ்சம் உதவும். அதற்கு மேல் வேகத்தைக் குறைப்பதைத் தவிர வழியில்லை. வானமும் தரையும் ஒன்றாகி எதுவுமே தெரியாமல் போனால், நின்று காத்திருப்பதுதான் சரி. காத்திருக்கத் தெரிவதும் பாடத்திட்டத்தில் ஒரு தலைப்பாக இருக்க வேண்டும்.

வண்டி பனியில் புதைந்துவிட்டால்?

முறுக்காதீர்கள். முறுக்க முறுக்க டிராக் குழி தோண்டும். இறங்கி, இன்ஜினை நிறுத்தி, வண்டிக்கு முன்னால் உள்ள பனியை மிதித்துக் கெட்டியாக்கி, டிராக்குக்கு அடியிலும் பக்கத்திலும் மண்வெட்டியால் எடுத்துவிட்டு, முடிந்தால் ஸ்கீக்களைப் பள்ளப் பக்கம் திருப்பி வைக்க வேண்டும். ஒருவர் ஸ்கீயை இழுக்க ஒருவர் மெதுவாக த்ராட்டில் கொடுக்கலாம். இழுப்பவர் பக்கவாட்டில் நிற்க வேண்டும், நேர் எதிரே கூடாது.

இதில் இரண்டு மறைமுக ஆபத்து. ஒன்று, புகைக்குழாய் பனியில் மூடியிருக்கும்போது இன்ஜினை ஓடவிட்டால் கார்பன் மோனாக்சைடு சேரும், அதற்கு வாசனை கிடையாது. இன்னொன்று வியர்வை. அரை மணி நேரம் தோண்டிவிட்டு நனைந்த உள்ளாடையோடு மறுபடி ஓட்டினால் உடம்புச் சூடு கடகடவென்று இறங்கும். தோண்டும் முன் மேல் அங்கியைக் கழற்றுங்கள், முடித்ததும் போட்டுக்கொள்ளுங்கள்.

உறைந்த ஏரி, ஆறு மேல் ஓட்டலாமா?

ஓட்டாமல் இருக்க முடிந்தால் ஓட்டாதீர்கள். வேறு வழியில்லை என்றால் தடிமனை அளந்துவிட்டுத்தான்.

வட அமெரிக்காவில் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு: தெளிவான, புதிய பனிக்கட்டியாக இருந்தால் நடந்து போக 10 சென்டிமீட்டர், ஸ்னோமொபைலுக்கு 13 முதல் 18 சென்டிமீட்டர். வெண்மையாக, காற்றுக்குமிழியோடு இருக்கும் பனிக்கட்டிக்கு வலு பாதிதான், ஆகவே அளவை இரட்டிப்பாக்க வேண்டும். வசந்த காலத்தில் உள்ளுக்குள் அரித்துப்போன பனிக்கட்டிக்கு எந்த அட்டவணையும் பொருந்தாது. துளைப்பானால் ஓர் இடத்தில் அளந்துவிட்டு ஏரி முழுவதும் அப்படித்தான் என்று நினைக்கவும் கூடாது. நீரோட்டம் உள்ள இடம், ஓடை வந்து கலக்கும் வாய், பாலத்தின் அடி, நாணல் புதர் ஓரம் இவையெல்லாம் மெலிந்தே இருக்கும். மேலே விழுந்த புதுப் பனி போர்வையாகி உறைவதைத் தாமதப்படுத்துவதும் உண்டு.

பலருக்குத் தெரியாத இன்னொரு செய்தி. திரவத்தால் குளிர்விக்கப்படும் ஸ்னோமொபைல்களில், டிராக் வாரியடிக்கும் பனிதான் அதன் குளிர்விப்பான்களைக் குளிர்விக்கிறது. டிராக் உராய்ந்து ஓடும் பிளாஸ்டிக் சறுக்குப் பட்டைகளுக்கும் பனிதான் மசகு. வெறும் பனிக்கட்டி மேல் நீண்ட தூரம் ஓடினால் இன்ஜின் சூடேறும், அந்தப் பட்டைகள் உருகும். இதற்காகவே பனிக்கட்டியைச் சுரண்டித் தெறிக்கவிடும் கம்பிகளை மாட்டுவார்கள்.

கடல்மேல் உறைந்த பனி தனி உலகம். 1911 ஜனவரியில் பிரிட்டனின் ராபர்ட் ஸ்காட் தலைமையிலான அண்டார்டிகா பயணக்குழு மோட்டார் ஸ்லெட்ஜ் (இன்ஜின் பூட்டிய சறுக்கு வண்டி) ஒன்றைக் கப்பலிலிருந்து இறக்கிக் கரைக்கு இழுத்துச் செல்லும்போதே பனி உடைந்து அது கடலுக்குள் போய்விட்டது. இன்றைக்கும் துருவ நிலையங்களில் கடற்பனியில் விரிசல் கண்டால் இறங்கி, துளையிட்டு, இருபுறமும் தடிமனை அளந்த பிறகே வண்டி கடக்கும்.

உடைந்து தண்ணீரில் விழுந்துவிட்டால்?

குளிர்நீர் ஆராய்ச்சியாளர் கோர்டன் கீஸ்பிரெக்ட் பிரபலப்படுத்திய 1-10-1 என்ற சூத்திரத்தை நினைவில் வையுங்கள். முதல் 1 நிமிடம் மூச்சு உங்கள் கட்டுப்பாட்டில் இருக்காது. தலையை மேலே வைத்து மூச்சைச் சீராக்குவது மட்டுமே வேலை. அடுத்த 10 நிமிடம்தான் கை கால் சொன்னபடி கேட்கும். நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம் ஆகும். பலர் உடனே உறைந்துபோவோம் என்ற பீதியில் முதல் நிமிடத்திலேயே தண்ணீரை விழுங்கிவிடுகிறார்கள்.

வந்த பக்கமே திரும்புங்கள், அதுவரை உங்களைத் தாங்கிய பனிக்கட்டி அங்கேதான் இருக்கிறது. கழுத்தில் தொங்கும் பனி ஊசிகளை (கைப்பிடியுள்ள கூர்முனைகள்) பனிக்கட்டியில் குத்தி, காலை நீச்சல் அடிப்பது போல உதைத்து, உடம்பைத் தட்டையாக்கி வெளியே வந்து, எழுந்து நிற்காமல் உருண்டு போக வேண்டும். ஊசிகள் பையில் இருந்தால் பயனில்லை. மிதக்கும் திறனுள்ள பனி உடைகளும் கிடைக்கின்றன; ஏரிமேல் போகிறவர் அதை வாங்குவது நல்லது.

பனிச்சரிவு பற்றி எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்?

மலைப் பகுதியில் ஓட்டுகிறவர் என்றால், இதற்கென்று தனியாக ஒரு பயிற்சியே எடுக்க வேண்டும். இங்கே சொல்வது அறிமுகம்தான்.

கெட்டியான பனி அடுக்கு பலகை போல மொத்தமாகப் பெயர்ந்து வரும் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி சாய்வுள்ள இடங்களில் நடக்கின்றன. ஸ்னோமொபைல்காரர்களுக்கு ஏறிப் பார்க்க ஆசையாக இருக்கும் சாய்வும் அதுவேதான்! சிக்கியவரோ அவருடைய கூட்டாளியோதான் பெரும்பாலும் பனிச்சரிவைக் கிளப்பிவிட்டிருப்பார். நடந்து ஏறுகிறவர் ஒரு நாளில் ஒன்றிரண்டு மலைச்சாய்வைத் தொடுவார்; இன்ஜின் வைத்திருப்பவர் ஒரு மணி நேரத்தில் பத்தைத் தொட்டுவிடுவார். ஆபத்தும் அந்தக் கணக்கில் கூடுகிறது.

கிளம்பும் முன் அன்றைய பனிச்சரிவு முன்னறிவிப்பைப் படிக்க வேண்டும். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் 5 படிநிலைகள். 3ஆம் படி என்றால் நடுவில்தானே இருக்கிறது என்று நினைப்பவர்கள் ஏராளம். உயிரிழப்புகள் நிறைய நடப்பது அந்தப் படியில்தான்.

மலைச்சாய்வில் ஒரு நேரத்தில் ஒரே வண்டி. மற்றவர்கள் பனிச்சரிவு வந்து முடியும் பகுதிக்கு வெளியே, வண்டியின் முகத்தை வெளிப்பக்கம் திருப்பி வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மேலே ஒருவர் புதைந்து நின்றுவிட்டால் உதவிக்கு இன்னொருவர் ஏறக் கூடாது. இதை ஏற்றுக்கொள்ள மனம் வராது, நண்பன் தனியாகத் தோண்டுவதைக் கீழே நின்று பார்ப்பது கொடுமைதான். ஆனாலும் இரண்டாவது வண்டியின் எடையும் அதிர்வும் சேர்ந்து மொத்தச் சரிவையும் இறக்கிவிடக்கூடும். அப்போது இருவரும் புதைவார்கள், தோண்ட ஆள் குறைந்துவிடும்.

டிரான்ஸீவர் (புதைந்தவரைக் கண்டுபிடிக்க ரேடியோ அலை அனுப்பிப் பெறும் சிறு கருவி), பனியில் குத்தித் தேடும் நீளக்கோல், மண்வெட்டி மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும், அதுவும் உடம்பில். வண்டிப் பெட்டியில் வைத்த மண்வெட்டி வண்டியோடு புதைந்துபோகும். டிரான்ஸீவர்கள் எல்லாம் 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசுகின்றன. செல்போனும் ஓடும் இன்ஜினும் அதைக் குழப்பும், ஆகவே தேடும்போது இன்ஜின்களை நிறுத்த வேண்டும். முதல் 10, 15 நிமிடங்களுக்குள் தோண்டி எடுக்கப்படுபவர்களில் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள், அரை மணியைத் தாண்டினால் வாய்ப்பு சரிந்துவிடுகிறது. மீட்புக்குழு அந்த நேரத்துக்குள் வந்து சேராது. கூட வந்தவர்களே மீட்புக்குழு என்பதால்தான் தேடும் பயிற்சியைக் கடிகாரம் வைத்து நடத்துகிறார்கள்.

என்ன உடுத்த வேண்டும்?

வெப்பமானி காட்டும் குளிர் வேறு, ஓட்டும்போது படும் குளிர் வேறு. மைனஸ் 15 டிகிரியில் மணிக்கு 50 கிலோமீட்டரில் போனால் வெறும் தோலுக்கு அது மைனஸ் 29 போல இருக்கும். வியர்வையை வெளியேற்றும் உள்ளாடை, நடுவில் கம்பளி அல்லது ஃப்ளீஸ், மேலே காற்றும் நீரும் புகாத அங்கி. பருத்தி வேண்டவே வேண்டாம், நனைந்தால் காயாது. ஹெல்மெட் கட்டாயம். மஃப்ளரும் தொங்கும் நாடாக்களும் கூடாது, சுழலும் பாகத்தில் மாட்டினால் கழுத்தை இழுத்துவிடும்.

கன்னத்திலோ மூக்கிலோ வெளிர்ப் புள்ளி தெரிந்தால் அது உறைகாயத்தின் தொடக்கம். அதை அவரவர் பார்த்துக்கொள்ள முடியாது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒருவர் முகத்தை இன்னொருவர் பார்க்கும் வழக்கத்தை முதல் நாளே தொடங்குங்கள்.

மது அருந்திவிட்டு?

கூடாது. குளிருக்கு இதம் என்று சொல்பவருக்கு ஒரு வரி பதில்: மது தோலுக்கு ரத்தத்தை அனுப்பிச் சூட்டை வெளியேற்றுகிறது.

ஸ்னோகேட் பயிற்சி எந்த விதத்தில் வேறு?

ஸ்னோமொபைலில் ஓட்டுபவர் தன்னைக் காயப்படுத்திக்கொள்வார். ஸ்னோகேட்டில் பெரும்பாலும் வெளியே நிற்கிறவர்தான் அடிபடுவார். அதனால் பாடத்தின் மையமே மாறுகிறது: கேபினிலிருந்து தெரியாத பகுதிகள், பின்னால் எடுக்கும்போது வழிகாட்டி, ரேடியோ ஒழுங்கு, இறங்கும் முறை.

இறங்கும் முறையைப் பற்றிப் பேசும்போது 2023 ஜனவரி 1 அன்று அமெரிக்காவின் நெவாடாவில், ரீனோ அருகே நடிகர் ஜெரமி ரென்னருக்கு நடந்த விபத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. புதைந்த வாகனம் ஒன்றை 6 டன்னுக்கு மேல் எடையுள்ள தன் ஸ்னோகேட்டால் இழுத்து எடுத்த பின், பார்க்கிங் பிரேக் போடாமல் அவர் வெளியே வந்தார். வண்டி நகரத் தொடங்கியது. அது தன் உடன்பிறந்தார் மகன் மேல் ஏறிவிடக் கூடாதே என்று ஓடும் டிராக் மேல் கால் வைத்து மறுபடி கேபினில் ஏற முயன்றவர் தவறி விழ, வண்டி அவர் மேலேயே ஏறியது. 30க்கும் மேற்பட்ட எலும்புகள் முறிந்தன. இதிலிருந்து பயிற்சியில் எடுத்துக்கொள்ள இரண்டு உண்டு. இருக்கையை விட்டு எழும் முன் பிரேக், முன்னாலுள்ள பனி தள்ளும் தகட்டைத் தரையில் இறக்குவது, இன்ஜின் நிறுத்தம், இந்த வரிசை ஒருபோதும் மாறக் கூடாது. நகரும் டிராக்கில் யாரும், எந்தக் காரணத்துக்காகவும் கால் வைக்கக் கூடாது.

செங்குத்தான சறுக்குத்தளங்களில் மேலே ஒரு நங்கூரத்தில் எஃகுக் கம்பி வடத்தைக் கட்டி, அதைப் பிடித்தபடி வேலை செய்யும் வின்ச் வண்டிகள் உண்டு. வடம் பல நூறு மீட்டர் நீளும், பனிக்குள் புதைந்து கிடக்கும், திடீரென்று விறைத்து மேலெழும், பக்கவாட்டில் வீசும். இருட்டில் அந்த வழியே சறுக்கி வருபவருக்கு அது கண்ணிலேயே படாது. ஆகவே தளத்தை மூடியதை உறுதிசெய்த பிறகே வின்ச்சைத் தொட வேண்டும். புதியவரை முதல் பருவத்திலேயே வின்ச்சில் உட்கார வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

பனியாறுகளிலும் துருவத்திலும் ஓட்டுவதற்குத் தனியாக என்ன?

பனிப்பிளவுகள். மேலே பனிப்பாலம் மூடியிருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. 1957 நவம்பர் முதல் 1958 மார்ச் வரை பிரிட்டிஷ் ஆய்வாளர் விவியன் ஃபூக்ஸ் தலைமையில் அண்டார்டிகாவைக் குறுக்கே கடந்த குழு டக்கர் ஸ்னோ-கேட் வண்டிகளில் போனது. பிளவுகள் நிறைந்த பகுதிகளில் ஆட்கள் முன்னால் நடந்து, கோலால் குத்திக் குத்திப் பார்த்து வழி குறித்தார்கள்; அப்படியும் வண்டிகள் பிளவின் மேல் தொங்கிய படங்கள் இன்றும் பயிற்சி வகுப்புகளுக்குப் பொருத்தமானவை. இப்போது பெரிய வண்டி அணிகளுக்கு முன்னால் தரையை ஊடுருவிப் பார்க்கும் ரேடார் போகிறது. ஸ்னோமொபைல்களில் போகும் ஆய்வாளர்கள் இரண்டு வண்டிகளையும் இடையில் ஸ்லெட்ஜ்களையும் கயிற்றால் கோத்து ஓட்டுகிறார்கள், ஒன்று விழுந்தால் மற்றது தாங்கும்படி. கயிறு தொய்யாமலும் அதிகம் விறைக்காமலும் இருவரும் ஒரே வேகத்தில் ஓட்டுவது தனிக் கலை. பிளவு இல்லாத இடத்தில் நாள்கணக்கில் பழகிவிட்டே உள்ளே போக வேண்டும்.

பின்னால் ஆளையோ ஸ்லெட்ஜையோ ஏற்றலாமா?

இருவர் இருக்கை உள்ள வண்டியென்றால் ஆளை ஏற்றலாம். ஸ்லெட்ஜை விறைப்பான கம்பியால்தான் இணைக்க வேண்டும். கயிற்றில் கட்டினால் பிரேக் பிடிக்கும்போது அது நிற்காமல் வந்து உங்கள் முதுகில் மோதும்.

தேர்ச்சி பெற்றார் என்று எப்படி முடிவு செய்வது?

எழுத்துத் தேர்வில் கிடைத்த மதிப்பெண்ணை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எட்டு போட்டுக் காட்டுவதும் பாதிதான். நல்ல பயிற்றுநர் கடைசி நாளில் போகக் கூடாத ஒரு இடத்தை வழியில் வைப்பார்: மெலிந்த ஓடை, காற்று குவித்த பனி தொங்கும் சரிவு, அல்லது கெட்டுக்கொண்டே வரும் வானிலை. கூட்டத்தில் யார் முதலில் கையைத் தூக்கி நிறுத்துகிறார் என்று பார்ப்பார். யாருமே நிறுத்தாவிட்டால் அவரே நிறுத்துவார், தேர்வு அன்றைக்கு முடிந்தது. "நான் வரவில்லை, திரும்பிவிடலாம்" என்று குழுவில் மிகவும் இளையவர் சொன்னாலும் அனைவரும் திரும்ப வேண்டும் என்ற விதியை வகுப்பிலேயே நடைமுறைப்படுத்திக் காட்டாவிட்டால், வெளியே போனபின் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

ஆன்லைன் வகுப்பு போதாதா?

விதிகள், சைகைகள், பனிக்கட்டி அளவுகள், முன்னறிவிப்பைப் படிப்பது இவற்றுக்குப் போதும். யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் தொழில்முறை வழிகாட்டி இல்லாமல் ஸ்னோமொபைல் ஓட்ட வருபவர்களுக்கு ஆன்லைன் சான்று கேட்கிறார்கள். குறித்த பாதையில் போகும் பயணத்துக்கு அது பொருந்துகிறது. கட்டைவிரலும் உடல் சாய்வும் திரையில் வராது.

ஒரு முறை பயிற்சி எடுத்தால் எத்தனை வருடம் தாங்கும்?

சான்றிதழ் தாங்கலாம், கை தாங்காது. பனிக்காலம் முடிந்து மாதக்கணக்கில் இடைவெளி விழுகிறது. ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும் ஒரு நாளாவது மறுபயிற்சி வேண்டும், அதில் டிரான்ஸீவர் தேடலும் நிறுத்தும் பயிற்சியும் கண்டிப்பாக இருக்க வேண்டும். மாடல் மாறினால் மறுபடி அறிமுகம் தேவை. சுவிட்சுகள் இடம் மாறியிருக்கும், எடை வேறாக இருக்கும்.

ஆட்களை அனுப்பும் மேலாளராக நான் என்ன கவனிக்க வேண்டும்?

யார் எந்த வண்டிக்கு, எந்த நிலத்துக்குப் பழக்கப்பட்டவர் என்று எழுத்தில் இருக்க வேண்டும். தனியாள் பயணத்துக்கு அனுமதி தராதீர்கள். வழியும் திரும்பும் நேரமும் கிளம்பும் முன் ஒருவரிடம் எழுதிக் கொடுக்கப்பட்டு, அந்த நேரம் தாண்டினால் அவர் யாரைக் கூப்பிடுவார் என்பதும் முடிவாகியிருக்க வேண்டும். செல்போன் எட்டாத இடமென்றால் செயற்கைக்கோள் வழி செய்தி அனுப்பும் கருவி கொடுங்கள். வண்டியை விட்டுவிட்டு நடந்து திரும்பவோ, இரவைப் பனியில் கழிக்கவோ நேரும் என்று வைத்து உணவு, அடுப்பு, தீப்பெட்டி, படுக்கைப் பை ஏற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

அப்புறம், வேலையை முடிக்காமல் திரும்பி வந்தவரிடம் எப்படிப் பேசுகிறீர்கள் என்பதையும் கவனியுங்கள். முதல் முறை திட்டு வாங்கியவர் அடுத்த முறை திரும்ப மாட்டார். பயிற்றுநர் ஒரு வாரம் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்ததை அந்த ஒரு பேச்சு அழித்துவிடும்.